மூச்சு முந்திவிட்டது, எலும்பு இன்னும் வந்து சேரவில்லை

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று ஆண்டுகளாக ஓடுகிறேன். அரை மாரத்தானில் என் சிறந்த நேரம் 1 மணி 52 நிமிடம். சென்ற ஆண்டு முதல் முழு மாரத்தானை 4 மணி நேரத்துக்குள் முடிக்கும் எண்ணத்தில் ஓடினேன். முதல் பாதியை 1 மணி 54 நிமிடத்தில் கடந்தேன். 31-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு கால்கள் நகர மறுத்தன. நடையும் ஓட்டமுமாக 4 மணி 31 நிமிடத்தில் முடித்தேன். எனக்கு மனவலிமை போதவில்லை என்று தோன்றியதால் இம்முறை கடுமையாகப் பயிற்சி செய்தேன். ஐந்தே வாரங்களில் வாரத்துக்கு 32 கிலோமீட்டரிலிருந்து 50-க்கு உயர்த்தினேன், எடையிலும் 5 கிலோ குறைத்தேன். அப்போது இடது கீழ்க்கால் எலும்பின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கியது. ஓட்டத்தை நிறுத்தி, 5 வாரம் சைக்கிள் மட்டும் ஓட்டினேன். திரும்ப ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாளே அதே வலி வந்துவிட்டது. முன்பு ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்த வலி, இப்போது கட்டைவிரலால் மூடக்கூடிய ஓரிடத்தில் நிற்கிறது. நீண்ட ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பதிவு செய்துள்ள மாரத்தானுக்கு 11 வாரங்கள் இருக்கின்றன. ஓடிக்கொண்டே எந்த மாற்றுப் பயிற்சியைச் சேர்த்தால் இதைச் சமாளிக்கலாம்? என் பயிற்சிக் குறிப்பேட்டின் நான்கு மாதப் பக்கங்களை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். ஒரு சாண் நீளத்துக்கு இருந்த வலி கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சுருங்கியதை நீங்கள் முன்னேற்றமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஓட்டக்காரர்களின் கால்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், அந்த வரி எனக்குக் கவலையைத்தான் தருகிறது.

கீழ்க்கால் எலும்பின் உள் விளிம்பு நெடுகப் பரவலாக வலிப்பதை ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்கிறோம். அது தொல்லை தரும், ஆனால் பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்தாலே அடங்கிவிடும். வலி ஒரே புள்ளியில் குவிந்து நிற்பது வேறு விஷயம். எலும்பு தன்மேல் விழும் சுமையைச் சரிசெய்துகொள்ள முடியாமல் உள்ளே நுண்ணிய அளவில் விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். அது முற்றினால் எலும்பில் கோடாக விரிசல் விழும். அதைத்தான் அழுத்த முறிவு என்கிறோம். இன்று மாலை நாற்காலியில் அமர்ந்து, இடது கணுக்காலை வலது முழங்காலின் மேல் வைத்து, கணுக்காலின் உட்குமிழிலிருந்து மேல்நோக்கி எலும்பின் விளிம்பை ஆட்காட்டி விரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் ஒன்றுமில்லாமல், ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் மூச்சை இழுத்துக்கொள்ளும்படி வலித்தால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் அந்த இடம் விண்விண்ணென்று தெறித்தால், சந்தேகம் வலுக்கிறது. ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். அதை மருத்துவர் தேவைப்பட்டால் செய்துகொள்வார்.

ஆகவே, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில் தெளிவானது: ஓடிக்கொண்டே சமாளிக்க வேண்டாம். இன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, எலும்பு மருத்துவர் அல்லது விளையாட்டு மருத்துவர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். இத்தகைய காயம் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். வலி மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன் அதை விழுங்குவது, எலும்பு கொடுக்கும் ஒரே எச்சரிக்கையை வாயடைத்துவிடுவதாகும். வியர்த்து நீர் வற்றிய உடலில் அந்த வகை மாத்திரைகளில் பல சிறுநீரகத்தையும் சிரமப்படுத்தும்.

இனி, ஐந்து வாரம் சைக்கிள் ஓட்டி ஓய்வு கொடுத்தும் ஏன் ஒன்பதே நாளில் வலி திரும்பியது என்ற கேள்வி. நீங்கள் இதை நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும், உங்கள் கடிதம் முழுவதும் இந்த ஏமாற்றம்தான் ஓடுகிறது. குறிப்பேட்டில் விடை இருக்கிறது. ஓட்டத்துக்குத் திரும்பிய முதல் நாளே 8 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 விநாடி வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள்; பக்கத்தில், ‘மூச்சே வாங்கவில்லை, உடல் எதையும் மறக்கவில்லை’ என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். மூச்சு வாங்காததில் வியப்பில்லை. ஐந்து வாரமும் சைக்கிள் உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் தொடையையும் வேலையில் வைத்திருந்தது. ஆனால் இருக்கையில் அமர்ந்து மிதிக்கும்போது கீழ்க்கால் எலும்பின்மேல் தரையின் அடி ஒருமுறைகூட விழுவதில்லை. சாலைப் பந்தய சைக்கிள் வீரர்களில் பலருக்கு, அத்தனை உழைப்புக்குப் பிறகும், எலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 165 அடிகள் என்று வைத்தால், அந்த முதல் நாள் 8 கிலோமீட்டரில் உங்கள் இடது கால் மட்டும் 3,700 தடவைக்கு மேல் தரையில் இறங்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை. ஐந்து வாரம் ஒரு அடிகூட வாங்காத எலும்புக்கு அது முதல் நாள்.

எலும்பு எப்படித் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் விளங்கும். சுமை கூடும்போது, சில உயிரணுக்கள் முதலில் களைத்த பழைய எலும்பை அரித்து அகற்றுகின்றன. அதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் பிடிக்கும். பிறகு வேறு சில உயிரணுக்கள் அந்தக் குழியில் புது எலும்பைப் படியவைக்கின்றன. அது இறுக மூன்று மாதங்கள்வரை ஆகும். ஆகவே, பயிற்சியைக் கூட்டிய சில வாரங்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும் ஓர் இடைக்காலம் எல்லோருக்கும் உண்டு. இரத்த ஓட்டமோ அப்படிக் காத்திருப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சு இலகுவாகிவிடுகிறது. மூச்சு சரியென்று சொல்கிறது, நாம் தூரத்தைக் கூட்டுகிறோம், எலும்பு குழிகளோடு நிற்கும் அதே வாரத்தில் அதன்மேல் கூடுதல் சுமையை ஏற்றுகிறோம். ஐந்து வாரத்தில் 32-லிருந்து 50 கிலோமீட்டருக்குப் போன உங்களுக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். மாற்றுப் பயிற்சி இந்த இடைவெளியை மூடாது. சரியாகப் பயன்படுத்தாவிட்டால் இன்னும் அகலமாக்கும். இதை நான் என் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக மாற்றுப் பயிற்சி செய்தவர்கள்தான் அவசரமாகத் திரும்பி வந்து மறுபடி காயப்படுகிறார்கள்.

இதனால் மாற்றுப் பயிற்சியே வேண்டாம் என்று பொருள் இல்லை. ஜோன் பெனாய்ட் என்ற அமெரிக்க ஓட்டக்காரருக்கு 1984-இல், ஒலிம்பிக் தேர்வு மாரத்தானுக்கு 17 நாள் இருக்கும்போது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. காலை அசைக்க முடியாத நாட்களில் அவர் கைகளால் சைக்கிளின் மிதிகளைச் சுழற்றி இதயத்தை வேலை வாங்கினார். தேர்வு ஓட்டத்தில் வென்று, அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் மகளிர் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். இந்தக் கதையை அவசரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய முழங்காலில் அகற்றப்பட்டது ஒரு மென்திசு மடிப்பு. எலும்புக் காயம் அப்படி ஒரே நாளில் அகற்றப்படும் பொருள் இல்லை. இதயத்துக்கு எந்த உறுப்பு வேலை கொடுக்கிறது என்பது பெரிதில்லை என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் அனுமதித்தால், உங்களுக்கு நான் முதலில் சொல்வது ஆழ்நீர் ஓட்டம். பாதம் தரையைத் தொடாத ஆழத்தில், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, நின்ற நிலையில் ஓடுவது இது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் நான்கு முதல் ஆறு வாரம் இதை மட்டும் செய்து தங்கள் ஓட்டத் திறனைப் பெருமளவு காத்துக்கொண்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல்முறை இறங்கும் எல்லோரும் சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மார்புக்கு இழுப்பார்கள், அல்லது உள்ளங்கையை விரித்து நீரைத் துழாவி முன்னே போகப் பார்ப்பார்கள். முன்னே போவது இங்கே நோக்கமில்லை. கையைத் தளர்வாக மூடிக்கொள்ளுங்கள். உடலைக் கணுக்காலிலிருந்து மிகச் சிறிதே முன்சாய்த்து, காலை இடுப்பிலிருந்து பின்னோக்கித் தள்ளுங்கள், தரையில் தள்ளுவதுபோல. சரியாகச் செய்தால் பத்தாவது நிமிடத்தில் பின்தொடையும் பிட்டமும் சோர்வதை உணர்வீர்கள். தோள் மட்டும் சோர்ந்தால் கைகளால் ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். நீரின் அழுத்தத்தால் இதயத் துடிப்பு நிலத்தில் ஓடும்போது இருப்பதைவிட நிமிடத்துக்குப் பத்து அளவுக்குக் குறைவாகவே காட்டும். ஆகவே கைக்கடிகாரத்தைத் துரத்தாமல் மூச்சைக் கொண்டு அளவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பத்து நிமிட மெதுவோட்டத்துக்குப் பின் 3 நிமிடம் கடுமையாக, 1 நிமிடம் இலகுவாக என்று ஆறு சுற்றுகள் போதும். மற்றொரு நாள் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே செய்யும் வேகம். நீருக்குள் காட்சி மாறாது, நேரம் நகராது. அலுப்பு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுற்றுகளாகப் பிரிப்பது அதற்கும்தான்.

சைக்கிள், நடக்கையில் வலி இல்லாத நிலை வந்ததும் சேர்த்துக்கொள்ளத்தக்கது. நீச்சல், பிடித்திருந்தால் செய்யுங்கள். காலணியை மாற்றலாமா என்று யாராவது கேட்டால், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள் என்பதற்குமேல் உங்கள் விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

கெண்டைக்கால் தசையைப் பற்றி அப்படிக் கடந்து போக முடியாது. ஓடும்போது தரையின் அடியை எலும்புக்கு முன்பாக வாங்கிக்கொள்வது அந்தத் தசை. அதன் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசை ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல ஆறு மடங்குக்கு மேல் விசையைத் தாங்குகிறது. அது சோர்ந்தால் மிச்சம் எலும்பின் கணக்கில் விழுகிறது. மருத்துவர் சம்மதித்த பிறகு, சுவரில் விரல்நுனி மட்டும் தொட்டுக்கொண்டு, நல்ல காலான வலது காலால் முதலில் எம்பிப் பாருங்கள்: குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி, இரண்டு எண்ணிக்கையில் மெதுவாக இறக்க வேண்டும். 25 முறை முடிந்தால் நல்லது. எண்ணிக்கையைவிட இறங்கும் விதத்தைப் பாருங்கள். பன்னிரண்டாவது முறையிலேயே குதிகால் ‘தொப்’பென்று விழத் தொடங்கினால், உங்கள் நிஜமான எண் பன்னிரண்டுதான். வலி முற்றிலும் நின்றபின் இடது காலுக்கும் இதே கணக்கைப் பாருங்கள். பிறகு வாரத்துக்கு மூன்று நாள், முழங்காலை நீட்டி ஒரு வரிசை, சற்று மடக்கி ஒரு வரிசை. சோலியஸுக்கு வேலை கொடுப்பது மடக்கிய நிலைதான்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். நான்கு மாதத்தில் 5 கிலோ குறைந்திருக்கிறீர்கள். குறிப்பேட்டின் பெரும்பாலான நாட்களில் ‘வெறும் வயிற்றில்’ என்று இருக்கிறது. இந்த மாதங்களில் உங்கள் மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறதா, நின்றிருக்கிறதா, அளவு குறைந்திருக்கிறதா? பயிற்சி செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உணவு உள்ளே போகாதபோது, உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. அது முதலில் கைவைக்கும் இடங்களில் மாதவிடாய்ச் சுழற்சியும் எலும்பு கட்டும் வேலையும் அடங்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்த உடலில் எலும்பின் அரிப்பு கூடி, படிவு பின்தங்குகிறது. இதைக் கூச்சமின்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு ஆறும்வரை எடைக் குறைப்பு வேண்டாம்.

மனவலிமை போதவில்லை என்று உங்களைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களே அதை மறுக்கின்றன. உங்கள் வாழ்நாளின் சிறந்த அரை மாரத்தான் 1 மணி 52 நிமிடம். மாரத்தான் அன்று முதல் பாதியை 1 மணி 54 நிமிடத்தில் கடந்திருக்கிறீர்கள். அதாவது, ஏறக்குறைய உங்களால் முடிந்த முழு வேகத்தில் ஓர் அரை மாரத்தான் போட்டியை ஓடி முடித்துவிட்டு, அங்கேயே இன்னொன்றைத் தொடங்கினீர்கள். தசைகளிலும் கல்லீரலிலும் உடல் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் எல்லாம் சேர்ந்து 400 முதல் 500 கிராம், ஆற்றலாகக் கணக்கிட்டால் அதிகபட்சம் 2,000 கிலோகலோரி. கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். நீங்கள் குறிப்பேட்டில் எழுதியுள்ள 58 கிலோவுக்கு 42.195 கிலோமீட்டரின் செலவு 2,400-க்கு மேல். மெதுவாக ஓடினால் பற்றாக்குறையைக் கொழுப்பு ஈடுகட்டும். வேகம் கூடக் கூட உடல் கிளைக்கோஜனையே மேலும் மேலும் கேட்கும். அன்று வழியில் ஒரே ஒரு ஜெல் (ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்துக் கூழ்), அதுவும் 28-ஆவது கிலோமீட்டரில் எடுத்ததாகக் குறித்திருக்கிறீர்கள். 31-இல் கால்கள் நின்றது எரிபொருள் தீர்ந்ததால். அதற்குப் பிறகு 11 கிலோமீட்டரை எப்படியோ கடந்து முடித்தவரிடம் மனவலிமைக் குறைவு என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்தத் தவறான முடிவிலிருந்துதான் இந்தக் காயமும் வந்திருக்கிறது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். கடுமை போதவில்லை என்று நினைத்து எல்லா நாளும் கடுமையாக்கினீர்கள். நான்கு மாதப் பக்கங்களில் இலகு ஓட்டம், நீண்ட ஓட்டம், இடைநாள் ஓட்டம் என்று பெயர்கள் வேறுவேறாக இருக்கின்றன. வேகம் மட்டும் எல்லாவற்றிலும் 5 நிமிடம் 40 விநாடியைச் சுற்றியே இருக்கிறது. அரை மாரத்தானைக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 18 விநாடியில் ஓடும் ஒருவருக்கு இலகு ஓட்டம் என்பது 6 நிமிடம் 20 விநாடிக்கு மேல், சில நாள் 6 நிமிடம் 50 விநாடிகூட. முழு வாக்கியங்களில் பேச முடிகிறதா என்பதே அளவுகோல். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையே ஞாயிறுதோறும் 35 கிலோமீட்டர் நீண்ட ஓட்டம் ஓடவைத்து அடித்தளம் போட்டார். ஸ்னெல் 1960-இலும் 1964-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். நிதானமான ஓட்டத்தில் சேரும் தூரம் வீணாவதில்லை.

11 வாரத்தில் இருக்கும் மாரத்தானை இந்த முறை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எம்ஆர்ஐ-யில் லேசான மாற்றம் மட்டும் தெரிந்தால் சில வாரங்களில் ஓட்டத்துக்குத் திரும்பலாம். விரிசல் கோடு தெரிந்தால் மூன்று மாதம்வரை ஆகலாம். எதுவானாலும் நீண்ட ஓட்டங்களுக்கு வாரங்கள் மிஞ்சாது. பதிவு செய்த பணத்தையும் சொல்லிவைத்த நண்பர்களையும் நினைத்து வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது மூச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். தொடர்ந்து ஒரு வாரம் வலியின்றி அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிந்து, அழுத்தினால் அந்த இடம் வலிக்காமல் இருந்தால், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று எட்டு சுற்றுகள்; ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும். இது உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும் அளவுக்குக் குறைவாகத் தெரியும், ஏனென்றால் நீச்சல்குளத்தில் காத்துவைத்த மூச்சு இதற்குப் பலமடங்கு கேட்கும். அந்த மிச்சப் பசியைக் குளத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஓடியபோதோ, அன்றிரவோ, மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போதோ அந்த இடத்தில் வலி தெரிந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அரை மணி நேரம் இடைவிடாமல் வாரத்துக்கு மூன்று முறை ஓட முடிந்த பிறகே வேகத்தைப் பற்றி யோசிக்கலாம். தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தையும், வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தூரத்தையும் தொடாதீர்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறையுங்கள்.

பந்தயமாக முதலில் ஓர் அரை மாரத்தான், மாரத்தான் அதற்குப் பிறகு. அந்த மாரத்தானில் முதல் பாதியை 2 மணி 5 நிமிடத்துக்கு முன் கடக்க வேண்டாம். முதல் முக்கால் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும், அதை நீண்ட ஓட்டங்களில் வயிற்றுக்குப் பழக்கியிருக்க வேண்டும். தண்ணீர் தாகத்தின் அளவுக்குப் போதும். கடைசி இரண்டு வாரம் தூரத்தை ஏறத்தாழப் பாதியாக்கி, வேகமான சிறு ஓட்டங்களை மட்டும் விடாமல் வைத்திருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இந்தக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வலி தொடங்கிய நாளையும், பரவிய வலி ஒரு புள்ளியில் குவிந்த நாளையும் வட்டமிட்டுக் காட்டுங்கள். ஸ்கேன் முடிவையும், மாதவிடாய் பற்றி நான் கேட்ட கேள்விக்கான பதிலையும் எழுதி அனுப்பினால், எத்தனையாவது வாரத்தில் அந்த முதல் ஒரு நிமிட ஓட்டத்தைத் தொடங்கலாம் என்பதை உங்கள் மருத்துவரின் கருத்தோடு சேர்த்து எழுதுகிறேன்.